பத்து விநாடி உரிமை

ஏழு குன்றுகளுக்கு நடுவே கம்பிலா நாடு என்றொரு நாடு இருந்தது. அரண்மனை உச்சியில் ஒரே ஒரு ரவுட்டர். நாடு முழுக்க அதன் வைஃபைதான். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய நாள் முதல் அது ஒழுங்காக வேலை செய்தது. மன்னர் அலைவேந்தருக்கு அதுதான் உறுத்தியது. தாம் ஒன்றும் செய்யாமலேயே நாடு நன்றாக இருப்பது எந்த மன்னருக்கும் நல்லதில்லை.

ஒருநாள் அவர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை போனார். 'மேம்பட்ட அமைப்புகள்' என்று இருந்தது. கீழே, 'விவரம் தெரிந்தவர்கள் மட்டும் மாற்றவும்' என்று ஒரு வரி. மன்னர் அதை அழைப்பிதழாக எடுத்துக்கொண்டார்.

முதல் ஆணை: பகைவர் கண்ணில் படாதபடி வைஃபையின் பெயர் மறைக்கப்படும். இனிக் குடிமக்களே நினைவிலிருந்து பெயரைத் தட்டி இணைய வேண்டும். மன்னரின் பட்டங்கள் சேர்ந்து பெயர் முப்பத்திரண்டு எழுத்து. மக்கள் நன்றி சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி வளர்ந்தது.

அடுத்து, அயல்நாட்டான் ஓசியில் அனுபவிக்கக் கூடாதென்று அலைவீச்சைக் குறைத்தார். அலை அரண்மனை மதிலோடு நின்றது. மக்கள் மதிலோரம் நடந்து வந்து நன்றி சொன்னார்கள். பலருக்குச் சர்க்கரை குறைந்தது.

மூன்றாம் ஆணைப்படி, பட்டியலில் பதிந்த கைபேசிக்கு மட்டுமே இணைப்பு. பதிவதற்கான விண்ணப்பம் இணையத்தில் இருந்தது.

"இணையமே இல்லாம அதை எப்படிங்கய்யா போடறது?" என்று கேட்டாள் செங்கல் சூளையில் வேலை செய்யும் சிட்டம்மாள். அவள் மகள் நறுமுகைக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"நல்ல கேள்வி. இணையத்தில் கேளுங்கள்" என்றார் அமைப்புத்துறை அமைச்சர்.

மறுநாள் தேர்தல். கம்பிலா நாட்டில் தேர்தல் எளியது. ரவுட்டரின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வரிசையில் வந்து அதில் ஊசியால் அழுத்தலாம். யாராவது ஒருவர் பத்து விநாடி விடாமல் அழுத்தினால் போதும், எல்லா ஆணைகளும் அழிந்து ரவுட்டர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதுவரை யாரும் ஏழு விநாடியைத் தாண்டியதில்லை. ஏழாம் விநாடியில் அமைச்சர் ஏதாவது பரிசு நீட்டுவார். பெரியவர்கள் தருவதை ஒற்றைக் கையால் வாங்குவது அந்நாட்டில் மரியாதை இல்லை.

மணி நாலே முக்கால். சிட்டம்மாள் ஊசியை எடுத்தாள்.

"யம்மா, குக்கர் கிக்கர்னு விட்டுடாத" என்றாள் நறுமுகை.

"கல்லு சுமந்த கைடி இது. பேசாம எண்ணு."

வரிசையே சேர்ந்து எண்ணியது. ஏழு. அமைச்சர் மிக்சியை நீட்டினார். சிட்டம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு! நாட்டின் வரலாற்றில் முதல் எட்டு. ரவுட்டரின் விளக்குகள் துடித்தன.

அமைச்சர் மிக்சியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு விடாமல் சொன்னார்: "பத்து எண்ணிட்டா இது திரும்ப எழுந்திரிக்க அரை மணி ஆகும்மா. பாப்பா சீட்டு போயிடும். அவ போனை மட்டும் இப்பவே பட்டியல்ல ஏத்திடறேன்."

உண்மையில் இரண்டு நிமிடம் போதும். அது கையேட்டில் இருந்தது. கையேடு இணையத்தில் இருந்தது.

"ஒம்போது!" என்றது வரிசை.

சிட்டம்மாள் மகளைப் பார்த்தாள். ஊசி விழுந்தது. இரண்டு கைகளும் குவிந்தன.

நாலு ஐம்பத்தெட்டுக்கு இடம் உறுதியானது. நறுமுகை அழுதாள். சிட்டம்மாள் அமைச்சரின் காலில் விழப்போனாள். அந்த நன்றியில் பொய் ஒரு சொட்டும் இல்லை. வரிசையில் யாரும் அவளைத் திட்டவில்லை.

பிறகு, அடுத்து நின்ற டீக்கடைச் செல்லமுத்து ஊசியைப் பொறுக்கிக்கொண்டு அமைச்சரின் காதருகே போனான்.

"ஐயா, நமக்கு ஒம்போது வரைக்கும் போகணும்னு இல்லீங்க. மூணுலயே பேசி முடிச்சுக்கலாமா?"