தோதாத்ரியின் இடது திருப்பம்

வஸுமதி கூப்பிட்ட குரலுக்கு இனித் திரும்புவதில்லை என்று தோதாத்ரி நாற்பது வயதுக்கு மேல் ஒரு சபதம் செய்தார். அதற்குத் துணிச்சல் வேண்டும். துணிச்சலுக்குக் கராத்தே வேண்டும்.

"மஞ்சள் பெல்ட் வாங்கற நாள்லேர்ந்து நீ கூப்பிட்டா திரும்பமாட்டேன். எனக்கா தோணினாதான் வருவேன்" என்று மனைவியிடமே அறிவித்தார். வஸுமதி கீரை ஆய்ந்துகொண்டே, பேஷாக வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள்.

நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. விடியுமுன் கோவிந்தராஜர் கோயிலில் பிரபந்த கோஷ்டி. அப்புறம் பாடசாலை. சாயங்காலம் மறுபடி கோஷ்டி. நடுவில் மத்தியானம், சாப்பிட்ட வயிறோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் நடக்கும் கராத்தே வகுப்புக்கு ஓடுவார். பஞ்சகச்சம் இறங்கி வெள்ளைப் பைஜாமா ஏறும். நெற்றியில் திருமண் மட்டும் அப்படியே இருக்கும்.

முதல் நாள் மாஸ்டர் கிரண்குமார் கட்டா போட்டுக் காட்டினார். எதிரே ஆளே கிடையாது. நாலு பக்கமும் எதிரிகள் நிற்பதாக வைத்துக்கொண்டு வரிசையாகத் தடுப்பதும் குத்துவதும்தான் கட்டா. அவர் திரும்பிய வேகத்தில் சட்டை சாட்டையாகச் சொடுக்கியது. தோதாத்ரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெருமாளே, இத்தனை வேகத்தை ஒரு மனுஷ உடம்புக்குள்ளா வைத்தாய் என்று கை கூப்பிவிட்டார்.

ஆனால் அந்தக் கட்டா இடது பக்கம் திரும்பித்தான் தொடங்குகிறது. தோதாத்ரியின் வம்சமோ தலைமுறை தலைமுறையாகப் பெருமாளை வலம் வந்த வம்சம். மூளை இடது என்றது. கால் பிரதட்சணமாக வலது பக்கம் போனது. தினமும் இல்லாத எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எடம பக்கம் சாமி, எடம பக்கம். எதிரி அங்க நின்னுகினு கீறான், நீங்க கோயிலை சுத்திகினு கீறீங்க" என்று கிரண்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மஞ்சள் பெல்ட் பரீட்சைக்கு முதல் நாள் தோதாத்ரி, கால் சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது என்று வஸுமதியிடம் ஒப்புக்கொண்டார். தானும் வந்து பார்ப்பதாக அவள் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் ஹாலில் இடது ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோதாத்ரி நடுவில் நின்றார். சித்தூரிலிருந்து வந்த பரீட்சகர் தலையசைத்தார். கால் வழக்கம்போல வலது பக்கம் கிளம்பப் பார்த்தது.

"ஏன்னா" என்றது ஒரு மெல்லிய குரல்.

தோதாத்ரி இடது பக்கம் திரும்பியாயிற்று. எப்போது திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. முதலடி எடுத்துக் கொடுத்த பாசுரம்போல மீதிக் கட்டா தானாக வந்தது. பரீட்சகர் எழுந்தே நின்றுவிட்டார்.

"யோசனையே இல்லாம திரும்பறீங்க. எத்தினி நாள் பழக்கம் சாமி?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து" என்றார் தோதாத்ரி.

மஞ்சள் பெல்ட்டோடு படியிறங்கும்போது வஸுமதியைப் பார்க்கவே அவருக்கு மலைப்பாக இருந்தது. கிரண்குமாருக்கே பிடிபடாத கால், இவளுக்கு ஒரே சொல்லில் கட்டுப்பட்டுவிட்டதே.

"நீங்க சொன்னா சொன்னதுதான். இனிமே நான் கூப்பிடமாட்டேன்" என்றாள் அவள். "அடுத்த பெல்ட்டுக்கும் இடது பக்கம் உண்டோ?"

"அதுல இன்னும் ஜாஸ்தி."

அவள் முன்னே நடந்தாள். தோதாத்ரி ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டார்.

"வஸு, ஆத்துல கொஞ்சம் அடிக்கடியே கூப்பிடேன். பழக்கம் விட்டுப் போயிடப்போறது."