ஒரு புள்ளி வைத்துச் சுருக்கிய வாய்க்கால்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தலைகுனிந்து எழுதுவது. நான் நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் நலம் கேட்கவோ எனக்கு அருகதை இல்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நகராட்சிச் சதுக்கத்தை வடிவமைக்கும் வேலை என் கைக்கு வந்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது நீங்கள்தான். அந்த இடத்தில் தினமும் மாலை பேப்பரும் கையுமாக உட்காருபவர் வேறு யார்? அதனால்தான் பெஞ்சில் பேப்பர் படிக்கும் உலோகச் சிலைக்கு உங்கள் முகத்தை வைக்கச் சொல்லி, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அக்காவிடமிருந்து உங்கள் போட்டோவை வாங்கிச் சிற்பியிடம் கொடுத்தேன். சிலையின் காலடியில் சின்ன வாய்க்கால், அதில் சலசலவென்று தண்ணீர், இதுதான் திட்டம். வரைபடத்தின் ஓரத்தில் இடம் போதவில்லை. "சிலைப் பகுதி நீர் வாய். வழியே வெளியேறும்" என்று சுருக்கி எழுதித் தொலைத்தேன். பிளம்பர் சிலையின் உதட்டில் துளை போட்டுக் குழாயைச் சொருகிவிட்டார். கேட்டால், "புள்ளியெல்லாம் யாரு சார் பாக்குறாங்க? வாய்னா வாய்தானே?" என்கிறார்.

தண்ணீராவது பீய்ச்சி அடித்திருந்தால் நீரூற்று என்று சமாளித்திருப்பேன். மோட்டாருக்கு வேகம் போதவில்லை. திறப்பு விழாவில் தலைவர் பொத்தானை அழுத்தியதும் கடைவாயில் கசிந்து, தாடையில் வழிந்து, பேப்பரில் சொட்டியது. எதிரே இருந்ததோ நடனமாடும் மங்கை சிலை. அதை அங்கே வைத்ததும் நான்தான். "பெரியவர் ஜொள்ளு விடுறாரு டோய்!" என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. அத்தான், நானும் சிரித்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து நீங்கள் திரும்பிப் பார்த்தது சரியாக அந்த நேரத்தில். இப்போது சதுக்கத்து ஸ்டாப் வந்தால் பஸ் கண்டக்டரே "ஜொள்ளு மாமா எல்லாம் எறங்கு!" என்கிறார். நீங்கள் மூன்று வாரமாக வாசற்படி தாண்டவில்லை, யாரிடமும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். தப்பு முழுக்க என்னுடையது. இன்று மாலையே வால்வை மூடி, சிலையைச் சாக்குப் போட்டுக் கட்டி, நாளை பெயர்த்து எடுத்துவிடுகிறேன். இது சத்தியம்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு ஆயிரம் மன்னிப்புகள்.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்க முடியாத மைத்துனன்

பி.கு.: சாக்கோடு சதுக்கத்துக்கு வந்தால், சிலை பக்கத்தில் அக்கா உட்கார்ந்து முந்தானையால் அதன் தாடையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "வால்வுல கை வெச்சே, பாத்துக்கோ! வீட்ல இருக்கிற மனுஷன் மூணு வாரமா வாயே தொறக்கல. இவராவது தொறந்து வெச்சிருக்காரு. நான் இங்கயே இருந்துக்கறேன். வேணும்னா அவரே வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்கிறாள். ஆகவே மேலே செய்த சத்தியம் ரத்து. தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது, அவளிடம் குடை இல்லை. கடிதத்தை, வால்வை மூட என்னோடு வந்த பிளம்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். இப்போது அவர் வண்டியிலேயே ஏறி வந்துவிடுங்கள், அத்தான்.