பொற்கொடி திரும்பி வருவாள்

நாடகம் பார்க்கிறவர்களோடு வாதாடக் கூடாது. அதிலும் நம்மைவிடச் சில வாரம் பின்னால் இருப்பவர்களிடம் வாயையே திறக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்குப் பிறந்தபோது அக்காவின் நிச்சயதார்த்தத் தட்டு தரையில் இருந்தது.

டிப்ளோமா முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், சிம்பாங் அம்பாட் வீட்டில் போனும் கையுமாக நான் கிடந்த காலம் அது. தமிழ்நாட்டில் ஓடும் தொடர் கடல் தாண்டி நம்மூர் டிவிக்கு வந்து சேர வாரக் கணக்காகும். எனக்கு அந்தப் பொறுமை ஏது? அன்றன்றைக்கே போனில் பார்த்துவிட்டு, டெலிகிராம் குழுவில் முகம் தெரியாதவர்களோடு விடிய விடியச் சண்டை போடுவேன். (சம்பளம் இல்லாத முழுநேர வேலை.)

அக்கா வேறு ரகம். லூபோக் சீனா என்கிற ஊர்ப் பையன் ஒருவனை விரும்பி, அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் பாதியாக இளைத்துவிட்டாள். நிச்சயத்தன்று காலை என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிக்கிட்டு இரு லா. ஏதாச்சும் தடங்கல் வந்தா, அப்பா இதான் சாக்குன்னு வேணாம்னுடுவாரு."

சத்தியம் செய்தேன். மனப்பூர்வமாகத்தான் செய்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வரும் வழியில் ஜாமில் மாட்டிக்கொண்டார். காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா லெட்சுமி ஆன்ட்டிக்கும் எங்கள் பெரியம்மாவுக்கும் பேச்சு நாடகத்தின் பக்கம் போனது. தொடரின் நாயகி பொற்கொடி, மாமியாரைக் கை நீட்டி அறைந்தது சரியா, தவறா?

"பெரியவங்கள அடிக்கிறவ என்ன பொண்ணு?" இது பெரியம்மா.

"அவ சோத்துல விஷம் வெச்சவளுக்குப் பூ மாலையா போடுவாங்க?" இது ஆன்ட்டி. எதிர்கால மாமியார் ஒருத்தி மருமகள் கட்சியில் நிற்கிறாளே என்று அம்மாவுக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி.

எனக்கோ உடம்பெல்லாம் அரித்தது. விஷம் வைத்தது மாமியாரே இல்லை, கொழுந்தன்! அது தெரியாமல் இரண்டு பேரும் பாதிக் கதையை வைத்துக்கொண்டு வழக்காடுகிறார்கள். பல்லைக் கடித்தேன். தண்ணீர் குடித்தேன். சமையலறைக்குப் போய்ப் போய் வந்தேன்.

ஒருவழியாகத் தாய்மாமன் வந்து சேர்ந்தார். "நல்ல நேரம் முடியப் போவுது, தட்ட எடுங்க" என்றார் எங்கள் மாமா. அம்மா ஒரு தட்டு, ஆன்ட்டி ஒரு தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், பட்டுப் புடவை. இரண்டு தட்டும் நெருங்கிவிட்டன. அப்போதாவது விட்டார்களா?

"நீங்க வேணா பாருங்க," என்றார் ஆன்ட்டி தட்டைப் பிடித்தபடியே, "பொற்கொடி ஒரு பொண்ணப் பெத்து அந்த மாமியா மடியிலயே போடுவா."

"எங்க ஆன்ட்டி போடுறது? பிரசவத்துக்குப் போற வழியிலயே செத்துப் போயிடுறா லா!"

பேசியது என் வாய்தான்.

நல்ல காரியத்தில் தும்மினாலே தட்டைக் கீழே வைக்கிற கூட்டம் இது. நான் சாவையே கொண்டுவந்து நடு வீட்டில் உட்கார வைத்துவிட்டேன். மாமா "சிவ சிவா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆன்ட்டி தட்டைத் தரையில் வைத்தார். அவர் சகுனம் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு வேணாம். எனக்கு மனசு சரியில்ல. இன்னொரு நாளு வெச்சுக்கலாம்."

"அம்மா, நாடகம் தானே லா!" என்றார் மாப்பிள்ளை.

"நீ பேசாத. ஷிப்ட் ஷிப்ட்டுனு போயிடுற. தெனம் சாயந்தரம் எங்கூட வீட்டுல இருக்கறது யாரு? அவதானே?"

அறை வாசலில் அக்கா நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

"ஆன்ட்டி," என்றேன், "காரு ஆத்துல விழுந்துச்சு. ஆனா பாடி கெடைக்கல." (கொள்ளி வைத்த காட்சியை நான் இரண்டு தடவை பார்த்திருந்தேன்.)

ஆன்ட்டி மூக்கை உறிஞ்சினார். "கெடைக்கலையா?"

"கெடைக்கல. பாடி கெடைக்கலன்னா என்ன அர்த்தம்? திரும்பி வருவா!"

"எப்ப?"

"அதச் சொன்னா சுவாரஸ்யம் போயிடும் ஆன்ட்டி."

(கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த அறிவு எங்கே போயிருந்ததோ!)

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரே நாளில் இரண்டாவது சத்தியம். தட்டு எழுந்தது, கை மாறியது. அப்பா தோற்றவர் போல லட்டை எடுத்துக் கடித்தார்.

அதன் பிறகுதான் என் தண்டனை ஆரம்பம். கொள்ளிக் காட்சி நம்மூர் டிவியில் வந்த அன்றே ஆன்ட்டி போன் செய்தார். "எரிச்சுட்டாங்களேம்மா!" அது வேறு யாருடைய பிணமோ என்றேன். கல்யாண மேடையில், புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டே, "இன்னும் வரல" என்று காதில் கிசுகிசுத்தார். தொடரே முடிந்தது. சுபம் போட்டார்கள். பொற்கொடி வரவில்லை. "இரண்டாம் பாகத்துல வருவா" என்றேன். எடுக்கிற எண்ணமே யாருக்கும் இல்லாத இரண்டாம் பாகம்!

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்தில் தட்டு எழுந்தாலும், யாராவது ஓடிவந்து என் வாயில் ஒரு லட்டைத் திணித்துவிடுகிறார்கள். விழுங்குவதற்குள் சடங்கு முடிந்துவிடும்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. டியாஷினி, கியாஷா என்று யாரும் வைக்காத பெயராகத் தேடித் தேடிக் குறித்து வைத்திருந்தாள். ஆன்ட்டி குழந்தையை மடியில் வாங்கினார். அதன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்:

"நீ சத்தியம் பண்ணுன மாதிரியே வந்துட்டா பாரு லா."

பெயரைப் பதியப் போன அக்கா புருஷனுக்குத் தன் அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

இப்போது அந்த வாண்டு வீடு முழுக்க ஓடுகிறது. எதையாவது போட்டு உடைக்கும்போதெல்லாம் அக்கா அடித்தொண்டையில் "பொற்கொடீ!" என்று கத்துவாள். கத்திவிட்டு, முறைப்பது மட்டும் என்னை.