தேடல் தோஷம்

கைப்பேசிக் கடைக்கு மேல் மாடியில்தான் டேட்டா ஞானி காட்சி தருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வரிசை படிக்கட்டில் இறங்கி, கடையைச் சுற்றிக்கொண்டு, வண்டி நிறுத்துமிடம் வரை நீளும். நிற்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. டாக்டர், வக்கீல், வங்கி மேலாளர். கைரேகை பார்க்கிறவனைக் கண்டால் கேலியாகச் சிரிக்கிற கூட்டம்.

வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: "நட்சத்திரம் பொய் சொல்லும். சர்வர் பொய் சொல்லாது." அதன் கீழே சின்ன எழுத்தில்: "காலணிகளை வெளியே விடவும். நிலைமின்சாரம் டேட்டாவைக் கெடுக்கும்." செருப்பைக் கழற்றச் சொல்வதைக் கூட எவ்வளவு விஞ்ஞானமாகச் சொல்கிறார்கள், பார்த்தீர்களா?

உள்ளே ஞானி கறுப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். தலையில் ஒரு ஹெட்செட். அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் மடியில் கிடக்கும். பின்னால் ஒரு திரையில் பச்சை நிற எண்கள் பொலபொலவென்று கொட்டும். அவை என்ன எண்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. மேசைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் பெண்ணின் போன், மற்றதில் பையனின் போன். இருவரும் ஆயுசில் தேடியது, பார்த்தது, லைக் போட்டது எல்லாவற்றையும் தட்டு உறிஞ்சிக்கொண்டு, பொருத்தம் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டுமாம். ஐம்பதுக்குக் கீழே போனால் தேடல் தோஷம். பரிகாரம் உண்டு. ஞானியின் கல்யாண இணையதளத்தில் கட்டணம் கட்டிச் சேர்ந்தால், சுத்தமான டேட்டா உள்ள வரன் கிடைக்கும். அங்கே பார்க்கிற வரன் எல்லாம் தொண்ணூறைத் தாண்டும், வெளியே பார்த்த வரன் எல்லாம் தோஷம். இது யாருக்கும் உறுத்தவில்லை.

வரிசையில் நின்றபடியே பலர் தேடல் பெட்டியில் "பொறுமை", "கருணை" என்று தட்டிப் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒழுக்கத்தைப் பற்றிய சொற்பொழிவுகளைப் போனில் ஓடவிட்டு, பக்கத்திலேயே குறட்டை விட்டுத் தூங்குவாராம். போன் திருந்தியிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் என் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர். கணக்கு வாத்தியார். தன் கல்யாணத்துக்கே ஜாதகம் பார்க்கக்கூடாது என்று வீட்டை இரண்டாக்கியவர். நீங்களா இங்கே என்று கேட்டேன்.

"இது ஜாதகம் இல்ல மச்சான், புள்ளியியல்" என்றார். முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை.

அவர் மகளுக்கும் ஒரு பிசியோதெரபி டாக்டருக்கும் கல்யாணம் பேசி, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. அப்பாவின் ஆசைக்காகப் போய்ப் பார்ப்போமே என்று இருவரும் சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தார்கள். இருபத்து மூன்று சதவீதம். ஒரே வருஷத்தில் பிரிவு நிச்சயம் என்று ஞானி கையை விரித்துவிட்டார். அத்தான் வீட்டுக்கு வந்ததும் பையன் வீட்டுக்குப் போன் போட்டு, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர்கள் கேட்டதும், அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

என் அக்கா மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வேலை மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது. நாலாம் நாள் அழுகை நின்று, அவளுக்குள் இருந்த ஓட்டை தேடுகிறவள் விழித்துக்கொண்டாள். என் பழைய போனைக் கேட்டு வாங்கிப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், வேறு ஒரு பையன் இருக்கிறான், அவன் போன் கையில் இருக்கிறது, அவனுக்கும் பார்த்துவிடலாம் என்றாள். அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

நானும் கூடப் போனேன். அறை நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு போன்களும் தட்டில் ஏறின. முப்பத்தொன்று.

ஞானி கண்ணை மூடிக்கொண்டார். "இந்தப் பையன் பெரியவங்க பேச்சைக் கேக்க மாட்டான். தூக்கம் கெட்டவன். உங்க பொண்ணுக்கு நேர் எதிர்."

"அய்யா, ரெண்டுலயும் இருக்குறது என் டேட்டாதான்" என்றாள் அவள். "இதுல இருக்குற அத்தனையும் அப்படியே அதுல ஏத்தி வெச்சிருக்கேன். எனக்கும் எனக்கும் முப்பத்தொண்ணா?"

ஞானி அசரவில்லை. மனிதன் தன்னோடு தானே ஒத்துப்போகாததுதான் இன்றைய நோய், அதையும் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது என்றார். கூட்டம் கை தட்டியது. வங்கி மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் போன்களை எடுத்து மறுபடி வைத்தாள். முப்பத்தெட்டு. மறுபடியும் வைத்தாள். இருபத்து நாலு. "அப்பா, நீங்க கணக்கு வாத்தியார். அதே கணக்கு, மூணு விடை. உங்க மாணவன் இப்படிப் போட்டா மார்க் போடுவீங்களா?"

அத்தான் திரையையே பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கையில் தன் செருப்புகளோடு திரும்பி வந்தார். ஞானி தடுப்பதற்குள் இடதை ஒரு தட்டிலும் வலதை மற்றதிலும் வைத்தார்.

எண்கள் பொலபொலவென்று கொட்டின. இருபத்தொன்பது சதவீதம். தேடல் தோஷம். உடனே இணையதளத்தில் சேரவும்.

முதலில் வக்கீல்தான் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூட்டம் மேசையை நெருக்க, ஞானி ஒயரைச் சுருட்டிக்கொண்டு பின்கதவு வழியாக நழுவினார்.

அத்தான் படிக்கட்டிலேயே நின்று பையன் வீட்டுக்குப் போன் போட்டார். "தப்பு எம்மேலதான். தேதியை மாத்த வேண்டாம். அதே நாள், அதே மண்டபம்" என்றார். அவள் அவர் கையிலிருந்த செருப்புகளை வாங்கி அவர் காலடியில் போட்டாள்.

கீழே வருவதற்குள் வங்கி மேலாளர் ஓடிவந்து என் காதைக் கடித்தார். இதைவிடப் புது வெர்ஷன் இயந்திரம் வைத்திருப்பவர் யாராவது உண்டா என்று விசாரித்தார். இருப்பார்கள், நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் தட்டை நீட்டும்போது உங்கள் போனை எடுக்காதீர்கள். முதலில் செருப்பை வைத்துப் பாருங்கள். அதற்கும் தோஷம் சொன்னால், அதையே காலில் மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.