தடித்த கோட்டில் போன மாப்பிள்ளை

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் போடும் வழிப்படத்தை யாரும் படிப்பதில்லை. சும்மா பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு இஷ்டத்துக்குப் போய், வரைந்தவனைத் திட்டுகிறார்கள். பாதிக்கப்பட்டவன் நான், சொல்லாமல் இருக்க முடியாது.

என் தங்கையின் கல்யாணம் ஆம்பூரில், அப்போதுதான் திறந்திருந்த ஒரு மண்டபத்தில். போனில் தேடினால் வராது. "கம்பெனில பேட்டர்ன் போடறியே, ஒரு மேப் போட்டுக் குடு" என்றார் அப்பா. நான் ஷூ கம்பெனியில் தோல் வெட்டப் படம் வரைகிறவன். எங்கள் படத்தில் தடித்த கோடு என்றால் விளிம்பு. அதைத் தாண்டினால் தோல் கிடையாது. ஊசி போகும் வழிக்குப் புள்ளிக்கோடு. (இதில் என்ன குழப்பம்?) அதே முறையில் பாலாற்றங்கரையைத் தடித்த கோடாகவும், மண்டபத்துக்குப் போகும் சாலையை அழகான புள்ளிகளாகவும் போட்டேன். எங்கள் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் சரியாக வந்து சேர்ந்தார்கள். இதை இன்றுவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் துணிக்கடைக்காரர்கள். காலையில் திருப்பத்தூரிலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. முகூர்த்தம் நெருங்கியும் வேனைக் காணோம். தங்கை மணமகள் அறையில் உட்கார்ந்தபடி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"மச்சான், மண்டபம் எங்க? இங்க மணல்தான் இருக்குது. வேன் மாட்டிக்கிச்சு."

"ஆத்துல இன்னா மாப்ள பண்றீங்க? புள்ளி புள்ளியா போட்டிருக்கேனே, அதான் ரோடு."

"அது இன்னும் போடாத ரோடுன்னு நெனைச்சோம். பெருசா ஒரு கோடு இருந்துச்சு, அதுலயே வந்துட்டோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் பைக்கை எடுத்துப் போய், மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வந்தேன். முகூர்த்தம் முடியும் தறுவாயில் தாலி ஏறியது. கழுத்தில் மாலையோடு தங்கை என்னிடம் கேட்டாள்: "கண்ணு தடிப்பா இருக்கிறதத்தான மொதல்ல பாக்கும்? இது கூடவா தெரியாது உனக்கு?" கம்பெனிக்காரர்கள் வந்ததைச் சொன்னேன். காது கொடுக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரிகைகளில் வழிப்படம் கிடையாது. பதிலாக, எந்த விசேஷமானாலும் ஹைவே திருப்பத்தில் கையை நீட்டிக்கொண்டு நான்தான் நிற்க வேண்டும். போன மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. என் தங்கை பளிச்சென்று ஒரு சிவப்புச் சட்டையைக் கையில் திணித்து, "இதப் போட்டுக்கினு நில்லு. அப்பதான் கண்ணுல படுவ" என்றாள்.

வெயிலில் நின்றேன். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்த கார் என் பக்கத்தில் மெதுவானது. அவர் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. டிரைவரிடம்தான் பேசினார்.

"மேப்பு நிக்குது பாரு, இங்கயே திருப்பு."