மேஸ்திரி தூக்கிய பச்சைக் கொடி

சேசு மரி சூசை

மூக்கண்டப்பள்ளி
12 மார்ச் 1968

மதிப்புக்குரிய மச்சான் சகாயநாதன் அவர்களுக்கு, இன்னாசிமுத்து தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை பவுலினாவும் பிள்ளைகளும் சுகம். கிருஷ்ணகிரியில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்கத் தேவதாயை மன்றாடுகிறோம்.

நீங்கள் கேள்விப்பட்டது நிஜம்தான். ஐம்பத்திரண்டு வயதில் அரைநிஜார் மாட்டிக்கொண்டு ஊர் முன்னால் ஓடினேன். நிஜார் மகன் மைக்கேலுடையது. பித்தான் எட்டவில்லை, சணல் கயிற்றால் கட்டினேன். உங்கள் தங்கை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்பு மட்டும் வெளியே வந்தது.

விஷயம் என்னவென்றால், இங்கே நாலு ஊர் கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக் நடத்துகின்றன. ஒரு கிளப்பிடமும் முழுச் சாமான் கிடையாது. தளிக்காரர்கள் பந்து, மத்திகிரிக்காரர்கள் வலை, தொரப்பள்ளிக்காரர்கள் விசில், நாங்கள் கொடி. தளிக்காரர்களுக்குக் கோபம் வந்தால் பந்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள், ஆட்டம் அத்தோடு முடிந்தது. எங்கள் கொடி என்பது நான் ரோடு வேலையில் பிடிக்கிற கொடிதான். தார் போடும்போது சிவப்பைக் காட்டினால் லாரி நிற்கும், பச்சையைத் தூக்கி ஆட்டினால் போகும். கொடி யாருடையதோ அந்த ஊர்க்காரர்தான் நிஜார் போட்டுக்கொண்டு கோட்டோரம் நிற்க வேண்டும் என்பது லீக் சட்டமாம். சிவப்பை எங்கள் ஊர் சின்னராஜ் வாங்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனான். பச்சையோடு இந்தப் பக்கம் நான்.

ஆப்சைடு என்றால் கொடி தூக்கு, அடித்த கோல் செல்லாது என்றார்கள். அது என்னவென்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் அலைந்தேன் மச்சான். கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். தளி கேப்டன் கரியப்பன்தான் பொறுமையாக, பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும், டீக்கடையில் மூன்று கிளாஸை வைத்து விளக்கினான். இரண்டாவது கிளாஸ் வரைக்கும் நன்றாகப் புரிந்தது. அப்புறம் மூன்றாவதை எடுத்துக் குடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், எங்களுக்கும் தளிக்கும். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து, ஆடத் தெரிந்த பையன் ஒருவனை வேலைக்கு எடுக்க ஒரு பெரியவர் வந்து புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் மருமகன் மைக்கேல்ராஜ் இரண்டு வருஷமாக வேலையில்லாமல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து அவன் காலுக்கு வந்தது. தனியாக ஓடினான். நானும் ஒரு கையில் நிஜாரைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினேன். மறு கை கொடியோடு மேலே போயிற்று. அவன் அடித்தான், வலை ஆடியது, விசிலும் ஊதிவிட்டது.

ரெப்ரி எல்லப்பன் ஓடி வந்து, "இன்னா மேஸ்திரி, ஆப்சைடு தானே?" என்றார். தளிக்காரர்கள் பதினோரு பேரும் என் வாயையே பார்த்தார்கள். கரியப்பன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றான். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்கள் என்னைத் திட்டியதை எழுதினால் தபால்காரர் படித்துவிட்டு வருத்தப்படுவார். ஆட்டம் சமம். கோப்பை ஆளுக்கு ஆறு மாசம்.

அப்போது அந்தப் பெரியவர் வந்தார். "அது உங்க பையனா?" என்றார். ஆமாங்க என்றேன். "நல்லா ஆடுறவங்க எனக்கு எவ்வளவோ பேர் கிடைப்பாங்க. ஸ்டோர்ல நிறுத்தினா சாமான் வெச்ச இடத்துல இருக்கணும், அப்படி ஆளுதான் கிடைக்கல. சொந்த மகன் கோலையே ஒத்துக்காத அப்பன் வளத்த பையன் எனக்குப் போதும்" என்று சொல்லி, வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். பங்குச் சாமியார்கூட இப்போது என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் மைக்கேல் எனக்கு முன்னால் நடந்தான். வாய்க்கால் பாலத்தில் நின்று, "ஏம்பா, நெஜமாவே நான் ஆப்சைடுல இருந்தனா?" என்று கேட்டான். கொடியை அவன் கையில் கொடுத்து, பிடிடா, நிஜார் நழுவுது என்றேன்.

மேரிராணி அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர். திங்கட்கிழமைப் பயணத்துக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றி வைக்கவும்.

இப்படிக்கு,
இன்னாசிமுத்து

பி.கு.: வழக்கம்போல அக்கா உரக்கப் படிக்க, எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வேறு தாளில் எழுதி மடித்து வைத்த இதை மட்டும் நீங்கள் தனியாகப் படித்துக் கிழித்துவிடவும். அவன் ஓடினபோது எனக்கு ஆப்சைடும் தெரியவில்லை, கிளாஸும் தெரியவில்லை. இருபது வருஷமாக ரோட்டில் தூக்குகிற மாதிரிதான் தூக்கினேன். வழி விட்டாச்சு, போடா மைக்கேலு, போ.