மூக்கில் ஓட்டை போட்ட விமானம்

ஏற்காடு,
11.2.1984

மரியாதைக்குரிய சூசைமாணிக்கம் அண்ணனுக்குத் தங்கை தேவகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காப்பிகூடப் போடாமல், விமானத்தின் மூக்கில் ஓட்டை போட்டேன். நாற்பத்து நான்கு வயதில் பொம்மை விமானம் விட்டு ஊர் சிரிக்க வைக்காதே, 19-ஆம் தேதி ஞாயிறு ஜீப்பில் வந்து இஞ்சினை எடுத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கொடுத்த இஞ்சின்தான், மறுக்கவில்லை. ஆனால் தரமாட்டேன்.

இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் காயில் என்ற கம்பிச்சுருள் இஞ்சினை ஒட்டியே உட்கார்ந்து சூடேறிச் செத்துப்போகிறது, அவ்வளவுதான். விமானத்தை இரண்டு நீளக் கம்பிகளில் கட்டி, பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்று நானும் கூடவே சுற்ற வேண்டும். நாலாவது சுற்றில் இஞ்சின் நின்று, விமானம் குப்புற விழும். போன வாரம் உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், "குளிரைத் தடுக்கற குல்லா சூட்டைத் தடுக்காதா?" என்று தன் குரங்குக் குல்லாவைக் கழற்றிக் காயிலுக்கு மாட்டினார். பௌதிகம் படித்த எனக்கும் அது சரியென்றே பட்டது, அதுதான் வெட்கம். இருபது வருஷம் இந்த மலையில் இருந்தால் எதைக் கண்டாலும் போர்த்தத்தான் கை போகிறது. சூடு வெளியேற வழியில்லாமல் மூன்றாவது சுற்றிலேயே குல்லா கருகியது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செல்வமேரி, "ஏனுங்கக்கா, கோழி வாட்டறீங்களா? எங்க ஊட்டுக்கும் ரெண்டு துண்டு குடுத்துடுங்க!" என்றாள்.

சிரிக்கட்டும். நேற்று காயிலைக் கழற்றி, இஞ்சினை விட்டுத் தள்ளி, அதைத் தாங்கும் பலகைக்குப் பின்னால் வைத்தேன். நடுவே ஒரு தகரம். இன்று காற்று நுழைய மூக்கில் ஓட்டை, சூடு வெளியேறப் பின்னால் அதைவிடப் பெரிய ஓட்டை. எஸ்டேட் மெக்கானிக் மனுவேல் பதறிப்போனார்.

"ஏனுங்கக்கா, நொம்பக் குளிரு பூந்துக்குமுங்களே!"

"பூரட்டும் மனுவேல், அதுக்குத்தானே போடறேன்."

"அப்ப ஒரு துணியாவது கட்டி உடுங்க."

கட்டவில்லை. பத்து மணிக்கு ஏரிக்கரைப் புல்வெளியில் விடப்போகிறேன். நீங்கள் ஜீப்பில் வந்தால் காப்பி உண்டு, இஞ்சின் கிடையாது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகமும், தங்கை சொல்வதைக் கேட்கும் பொறுமையும் தரட்டும்.

உங்கள் தங்கை,
தேவகுமாரி

பி.கு.: மணி பன்னிரண்டு. காயில் சூடாகவே இல்லை. ஆகவே இஞ்சின் நிற்கவே இல்லை. நாலு சுற்றுக்கு மேல் நான் சுற்றிப் பழகியதில்லை என்பது பதினைந்தாவது சுற்றில்தான் உறைத்தது. இருபதில் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன். பிடி நழுவி, விமானம் ஏரிக்குள் போய்விட்டது. நீங்கள் எடுத்துப்போக இனி இஞ்சின் இல்லை. இதற்கு ஜோடி ஒன்று உங்கள் கண்ணாடி அலமாரியில் சும்மா இருக்கிறது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையிறங்கி உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் ஆபீஸ் போனபின் அதை எடுத்துவருவதென்று முடிவு செய்திருக்கிறேன். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. அலமாரியில் இஞ்சின் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வருவேன்.